கூட்ஸ் ரெயில் கவிழ்ந்தது ஒரு இடம்... உங்க ரெயில் ரத்தாவது வேற இடம்! ஏன், எப்படி? முழு விவரம்

திருவள்ளூர்:

"எங்கயோ கூட்ஸ் வண்டி தடம் புரண்டுச்சாம். அதுக்கு நம்ம வண்டியை ஏன் ரத்து பண்றாங்க?"

ரெயில் விபத்து நடக்கும் ஒவ்வொரு முறையும் பிளாட்பாரத்தில் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கோபத்தில் கேட்கிறார். கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஒரு நாள் வேலைக்குப் போகலைன்னா ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் இந்தக் கேள்விக்கு யாரும் நின்று பதில் சொல்வதில்லை. மைக்கில் "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்வதோடு சரி.

விபத்து நடந்த இடத்தில் நிற்பது ஒரு தண்டவாளம்தான். ஆனால் அதன் பின்னால் பெட்டி நிற்கிறது, என்ஜின் நிற்கிறது, கடைசியில் ஓட்டுகிற ஆளும் நிற்கிறார். இந்த நான்கும் ஒரே சங்கிலி. எங்கே அறுந்தாலும் உங்க ரெயில் வராது. அது எப்படி என்று பார்ப்போம்.

திருவள்ளூரில் என்ன நடந்தது?

2025-ம் ஆண்டு ஜூலை 13-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். டீசல் ஏற்றிய டேங்கர் சரக்கு ரெயில் திருவள்ளூர் அருகே தடம் புரண்டது. அடுத்த சில நிமிடங்களில் தீப்பிடித்தது. 18 டேங்கர்கள் தீயில் சிக்கின. கரும்புகை வானத்தை மூடியது. பக்கத்து வீடுகளில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். தீயணைப்பு வீரர்கள் பல மணி நேரம் போராடினார்கள். நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை.

ஆனால் அன்று காலை சென்னை சென்ட்ரலில் இருந்து மேற்கு நோக்கிப் புறப்பட வேண்டிய ரெயில்கள் வரிசையாக ரத்தாகின. மைசூரு வந்தே பாரத், மைசூரு சதாப்தி, கோவை எக்ஸ்பிரஸ், கோவை சதாப்தி, திருப்பதி சப்தகிரி, பெங்களூரு டபுள் டெக்கர், பிருந்தாவன் என்று பட்டியல் நீண்டது. சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த ரெயில்கள் வழியிலேயே நிறுத்தப்பட்டன. அரக்கோணம் பக்கம் இருந்து தினமும் வேலைக்கு வருகிறவர்களுக்கு மின்சார ரெயிலும் இல்லை. பஸ்களில் கூட்டம் முண்டியடித்தது.

போக்குவரத்து படிப்படியாகத்தான் சீரானது. தீயை அணைத்த பிறகும் ஏன் இவ்வளவு நேரம்?

4 தண்டவாளம் இருக்கே, ஒண்ணுல விடக்கூடாதா?

சென்னை - அரக்கோணம் இடையே 4 பாதைகள் இருக்கின்றன. கவிழ்ந்தது ஒரு பாதையில்தானே, மீதி மூன்றில் விடலாமே என்று தோன்றும்.

விடக்கூடாது. காரணம் மூன்று.

முதலாவது, கவிழ்ந்த பெட்டி தன் பாதையோடு நிற்காது. பக்கத்துப் பாதையில் சாயும். அதனால்தான் சரக்கு ரெயில் தடம் புரண்ட உடனே அந்த என்ஜின் டிரைவர் செய்ய வேண்டிய முதல் வேலை, என்ஜின் முகப்பில் மின்னும் மஞ்சள் விளக்கைப் போடுவது. எதிரே வரும் டிரைவர் அதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அடுத்து, சிவப்புக் கொடியோடு பக்கத்துப் பாதையில் முன்னால் ஓட வேண்டும். 600 மீட்டரில் டெட்டனேட்டர் எனும் வெடி ஒன்று, 1,200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி தண்டவாளத்தில் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். சத்தம் கேட்டு டிரைவர் பிரேக் போடுவார். செல்போன், வாக்கி டாக்கி எல்லாம் வந்த பிறகும் இந்த விதி அப்படியே இருக்கிறது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒடிசா சாட்சி. 2023-ம் ஆண்டு ஜூன் 2-ந்தேதி பாலசோர் மாவட்டத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரெயில் மீது மோதியது. அதன் பெட்டிகள் பக்கத்துப் பாதையில் விழுந்தன. அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்த பெங்களூரு - ஹவுரா ரெயிலும் அதில் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பக்கத்துப் பாதையை ஏன் மூடுகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது, கரண்ட். தலைக்கு மேல் போகும் மின்கம்பியில் ஓடுவது 25 ஆயிரம் வோல்ட். தீயணைப்பு வீரர் தண்ணீர் அடிக்கவும், கிரேன் கை தூக்கவும் அந்தக் கரண்டை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் அந்தப் பகுதியில் மின்சார ரெயிலும் ஓடாது, மின்சார என்ஜினும் ஓடாது. திருவள்ளூரில் தீயின் சூட்டில் மின்கம்பிகளே சேதமாகிவிட்டன.

மூன்றாவது, மீட்பு ரெயில். கவிழ்ந்த பெட்டியைத் தூக்க 140 டன் கிரேன் வர வேண்டும். அது ரோட்டில் வராது, தண்டவாளத்தில்தான் வரும். தகவல் கிடைத்ததும் பகலில் 30 நிமிடத்தில், இரவில் 45 நிமிடத்தில் விபத்து நிவாரண ரெயில் புறப்பட வேண்டும் என்பது கணக்கு. அந்த ரெயிலுக்குத்தான் முதல் வழி. ராஜதானியாக இருந்தாலும் ஒதுங்கி நிற்கணும். அந்தக் கிரேன் நின்று வேலை பார்க்கப் பக்கத்துப் பாதையும் தேவை.

பெட்டிகளை அகற்றியதும் வேலை முடிந்துவிடாது. தண்டவாளம், சிலிப்பர் கட்டை, ஜல்லி, சிக்னல் கேபிள், மின்கம்பி எல்லாம் புதிதாகப் போட வேண்டும். அதிகாரி சோதித்து, "ரெயில் விடலாம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் ரெயில் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்துதான் போகும். இப்படி ஒவ்வொரு பாதையாகத் திறப்பார்கள். 'பாதை சீரானது' என்று செய்தி வந்த பிறகும் ரெயில் தாமதமாக வருவது இதனால்தான்.

சுத்து வழியில விடக்கூடாதா?

விடுகிறார்கள். ஆனால் எல்லா ரெயிலையும் விட முடியாது.

நம்ம பக்கத்து வரைபடத்தை மனசில் போட்டுப் பாருங்கள். சென்னை, அரக்கோணம், ரேணிகுண்டா, கூடூர். நான்கும் சேர்ந்து ஒரு வளையம். சென்னையில் இருந்து அரக்கோணம் நேராகப் போனால் சுமார் 69 கி.மீ. அந்த வழி அடைத்துவிட்டால் சென்னையில் இருந்து வடக்கே கூடூர் போய், அங்கிருந்து ரேணிகுண்டா போய், பிறகு தெற்கே இறங்கி அரக்கோணம் வர வேண்டும். ஏறக்குறைய 285 கி.மீ. நான்கு மடங்கு தூரம்.

இந்த வளையம் இரண்டு பக்கமும் உதவும். 2024-ம் ஆண்டு அக்டோபர் 11-ந்தேதி இரவு கவரைப்பேட்டையில் மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், கிளைப் பாதையில் நின்றிருந்த சரக்கு ரெயிலில் மோதியது. பலர் காயம் அடைந்தார்கள். அப்போது அடைத்தது கூடூர் பாதை. அதனால் வடக்கே போகும் ரெயில்களை அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகச் சுற்றி விட்டார்கள். திருவள்ளூரில் நடந்தபோது அடைத்தது அரக்கோணம் பாதை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் சுமக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சீபுரம், தக்கோலம் வழியாக அரக்கோணம். ஆனால் அது 60 கி.மீ.க்கு மேல் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு ரெயில் வந்தால், ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கணும். ஒத்தையடிப் பாதையில் ரெண்டு மாட்டு வண்டி எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்? அதே கதைதான். ஏற்கனவே ஓடுகிற ரெயில்கள் போக, கூடுதலாக விரல் விட்டு எண்ணக்கூடிய ரெயில்களைத்தான் அதில் நுழைக்க முடியும்.

அதனால் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கணக்குப் போடுகிறார்கள். 30 மணி நேரம் ஓடுகிற தொலைதூர ரெயில் 5 மணி நேரம் சுற்றிப் போனாலும் பரவாயில்லை, ஊர் போய்ச் சேரும். 6 மணி நேரம் ஓடுகிற பகல் ரெயில் 5 மணி நேரம் சுற்றினால் அதில் போய் என்ன பிரயோஜனம்? ஆகவே தொலைதூர ரெயிலைச் சுற்றி விடுவார்கள், பகல் ரெயிலை ரத்து செய்வார்கள். ஜூலை 13-ல் ரத்தான பெயர்களை மறுபடி படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பகல் ரெயில்கள்தான்.

சுற்று வழியில் வேறு சிக்கலும் உண்டு. சில ஜங்ஷன்களில் ரெயில் வந்த திசையிலேயே திரும்பிப் போக வேண்டியிருக்கும். அப்போது என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டணும். டபுள் டெக்கர் மாதிரி உயரமான பெட்டியை எல்லாப் பாதையிலும் விட முடியாது. 24 பெட்டி ரெயில் நின்றால், சின்ன ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பாதிப் பெட்டிக்கு இறங்கும் இடமே இருக்காது.

போர்டில் எழுதுறதுக்கு என்ன அர்த்தம்?

விபத்து நாளில் நான்கு வார்த்தைகள் மாறி மாறி வரும்.

முழுவதும் ரத்து: அந்த ரெயில் அன்று புறப்படவே புறப்படாது.

பகுதி ரத்து: சென்னை வர வேண்டிய ரெயில் அரக்கோணத்திலோ காட்பாடியிலோ முடிந்துவிடும். திரும்பிப் போகும்போதும் அங்கிருந்துதான் புறப்படும். சென்னையில் காத்திருப்பவருக்கு அது ரத்து, காட்பாடிக்காரருக்கு அது ஓடுகிறது.

மாற்றுப் பாதை: ரெயில் ஓடும், வழி மாறும். வழக்கமாக நிற்கும் சில ஊர்களில் நிற்காது. உதாரணமாக கேரளாவில் இருந்து வடக்கே போகும் ரெயிலைக் காட்பாடி, ரேணிகுண்டா, கூடூர் வழியாக விட்டால், பெரம்பூருக்கு அது வராது. பெரம்பூரில் ஏற டிக்கெட் எடுத்தவர் கவனிக்க வேண்டியது இது.

நேர மாற்றம்: ரெயில் உண்டு, புறப்படும் நேரம் தள்ளிப்போகும்.

காலையில் போகலைன்னா சாயந்திரம் எப்படி வரும்?

காலையில் கோவைக்குப் போகும் கோவை எக்ஸ்பிரஸ் பெட்டிகள்தான், அன்று பிற்பகல் கோவையில் இருந்து சென்னைக்குத் திரும்பி வரும். பெங்களூரு போகும் பிருந்தாவனும் அப்படித்தான். காலையில் சென்னையில் ரத்தானால், பிற்பகலில் கோவை பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு ஏறப் பெட்டியே இருக்காது. திருவள்ளூரில் புகை வந்ததற்கு, 450 கி.மீ. தள்ளி கோவையில் ஒருவர் மூட்டையோடு நிற்கிறார்.

ராத்திரி ரெயில்களுக்கு இன்னொரு வம்பு. காலையில் சென்னைக்கு வரும் பெட்டிகளை யார்டுக்குக் கொண்டுபோய் பிரேக், சக்கரம் எல்லாம் சோதித்து, கழுவி, தண்ணீர் நிரப்பித்தான் மறுபடி அனுப்புவார்கள். அதற்குப் பல மணி நேரம் ஆகும். காலை 6 மணிக்கு வர வேண்டியது பிற்பகல் 3 மணிக்கு வந்தால், அன்று இரவு புறப்படுவதும் தாமதம்தான். சோதிக்காமல் அனுப்பலாமே என்றால், பிரேக் பிடிக்காத வண்டியில் யார் ஏறுவது?

முக்கியப் பாதையில் அடைப்பு என்றால் தூரமே கணக்கில்லை. 2024-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி தெலுங்கானா மாநிலம் பெத்தபள்ளி அருகே இரும்பு ஏற்றிப் போன சரக்கு ரெயிலின் 11 பெட்டிகள் தடம் புரண்டன. அது டெல்லி - சென்னை பாதை. 30-க்கும் மேற்பட்ட ரெயில்கள் ரத்து, இன்னும் பல மாற்றுப் பாதையில். கவிழ்ந்தது தெலுங்கானாவில், தவித்தது பல மாநில மக்கள்.

டிரைவர் எங்கே?

இப்போது கடைசிக் கண்ணிக்கு வருவோம். பயணிகள் யாரும் யோசிக்காதது இதைத்தான்.

பாதை திறந்தாச்சு. பெட்டி இருக்கு. என்ஜின் இருக்கு. ஆனாலும் ரெயில் நகரவில்லை. ஏன்? ஓட்ட ஆள் இல்லை.

என்ஜின் டிரைவரை இப்போது லோகோ பைலட் என்கிறார்கள். கார்டுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். இவர்கள் சென்னையில் ஏறி டெல்லி வரை போகிறவர்கள் அல்ல. குறிப்பிட்ட தூரம் ஓட்டிவிட்டு ஜோலார்பேட்டை, ஈரோடு மாதிரி ஊரில் இறங்குவார்கள். அடுத்த ஆள் ஏறுவார். இறங்கியவர் ஓய்வறையில் தூங்கி, வேறொரு ரெயிலை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்.

இவர்களுக்கு நேரக் கணக்கு உண்டு. ஒரே மூச்சில் ரெயில் ஓட்டும் வேலை சாதாரணமாக 9 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டும் என்றால் 2 மணி நேரம் முன்பே சொல்லணும். கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்ததில் இருந்து இறங்கிக் கையெழுத்துப் போடும் வரை 11 மணி நேரம் என்பது வரம்பு. விபத்து, வெள்ளம் மாதிரி நேரத்தில் அதற்கு மேலும் வேலை பார்க்கச் சொல்ல விதியில் இடம் இருக்கிறது. ஆனால் கண் எரிகிற மனுஷனை எவ்வளவு நேரம் உட்கார வைப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவர் அதிகாலை 2 மணிக்கு ஜோலார்பேட்டையில் ஏறுகிறார். 6 மணிக்குள் சென்னை வந்து இறங்க வேண்டியவர். விபத்தால் அரக்கோணத்துக்கு முன்பே சிவப்பு சிக்னலில் நிற்கிறார். ரெயில் நின்றால் வேலை நின்றதாக அர்த்தம் இல்லை. சீட்டில் இருக்கணும், சிக்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கணும், வாக்கி டாக்கியில் பதில் சொல்லணும். இறங்கி டீ குடிக்க முடியாது. பகல் 11 மணிக்கு 9 மணி நேரம் முடிகிறது. மதியம் 1 மணிக்குப் பாதை திறந்து சிக்னல் பச்சையானால், அவர் 11 மணி நேரம் விழித்தவர். அவரை நம்பி 1,000 பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவருக்குப் பதில் வேறு ஆளை ஜீப்பில் ஏற்றி அனுப்ப வேண்டும். ரெயில் நிற்பது வயல் நடுவில் என்றால் ஜீப் போக வழி இருக்கணும். ஒரு ரெயில் என்றால் சமாளிக்கலாம். ஒன்றன் பின் ஒன்றாக 15 ரெயில் நின்றால்?

இதோடு முடியவில்லை. அந்த டிரைவர் சென்னையில் தூங்கி எழுந்து, அன்று மாலை ஒரு ரெயிலை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டியவர். 8 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு வெளியூரில் 8 மணி நேரம் ஓய்வு தரணும். சொந்த ஊர் திரும்பினால் 16 மணி நேரம். அவர் மதியம் 2 மணிக்கு இறங்கினால் இரவு 10 மணிக்கு மேல்தான் கூப்பிட முடியும். மாலை ரெயிலை யார் ஓட்டுவது? ரிசர்வில் இருக்கும் ஆளைத் தேட வேண்டும். லீவில் இருப்பவருக்குப் போன் போகும்.

யார் வேணும்னாலும் ஓட்ட முடியாதா?

சுற்று வழியில் விடும்போது இன்னொரு முட்டுக்கட்டை. ரெயில் டிரைவருக்கு லைசென்ஸ் மட்டும் போதாது, அந்த வழி தெரிஞ்சிருக்கணும். எந்த வளைவுக்குப் பின்னால் சிக்னல் இருக்கிறது, எங்கே இறக்கம், எங்கே 30 கி.மீ. வேகத்தில்தான் போகணும் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். லாரி மாதிரி வழி கேட்டு ஓட்டும் வேலை இல்லை. முழு வேகத்தில் போகும் ரெயிலுக்குப் பிரேக் போட்டால் நிற்க ஒரு கி.மீ. ஆகலாம். சிக்னலைக் கண்ணால் பார்த்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

அதனால் ஒரு புதுப் பாதையில் ஓட்டும் முன் வேறு டிரைவரோடு 3 முறை போய்வந்து கற்க வேண்டும். அதில் ஒரு முறை இரவில். 3 மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் ஓட்டவில்லை என்றால் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வரணும். வழி தெரியாத டிரைவர் மாட்டிக்கொண்டால், வழி தெரிந்த ஒருவரை என்ஜினில் கூட ஏற்ற வேண்டும். ஜோலார்பேட்டை பாதையில் மட்டும் ஓட்டிப் பழகியவரை "இன்னைக்கு கூடூர் சுத்திப் போ" என்று சொல்லிவிட முடியாது. ரேணிகுண்டா பக்கத்து ஆள் வர வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் அன்று வேலை நெருக்கடிதான்.

வந்தே பாரத் என்றால் அதற்குத் தனிப் பயிற்சி பெற்றவர் வேண்டும். கூட்ஸ் ஓட்டுகிறவரை மெயிலில் ஏற்றுவது என்றால், அதற்கான தகுதி அவருக்கு இருக்கணும்.

டிரைவர்களின் குறை என்ன?

புத்தகத்தில் இருக்கும் ஓய்வு நடைமுறையில் முழுசாகக் கிடைப்பதில்லை என்பது லோகோ பைலட்டுகளின் நீண்ட நாள் குறை. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் தெற்கு ரெயில்வேயில் ஒரு பகுதி லோகோ பைலட்டுகள் இதற்காகப் போராட்டத்தில் இறங்கினார்கள். வழக்கமான 16 மணி நேர ஓய்வோடு வார ஓய்வு 30 மணி நேரமும் சேர்த்து 46 மணி நேரம் தர வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் ராத்திரி டூட்டி போடக்கூடாது என்பவை அவர்கள் கேட்டதில் முக்கியமானவை.

ஆள் பற்றாக்குறை இருக்கும்போது சாதாரண நாளையே தள்ளிப்போவது கஷ்டம். விபத்து நாளில் கேட்கவே வேண்டாம். கையில் உபரி ஆள் இருந்தால் பாதை திறந்த மறுநிமிடம் ரெயில் புறப்படும். இல்லை என்றால் பாதை திறந்தும் ரெயில் நிற்கும். காலிப் பணியிடம் என்பது டிரைவர்கள் பிரச்சினை மட்டும் இல்லை, பிளாட்பாரத்தில் நிற்கும் நம்ம பிரச்சினையும்தான்.

அதனால் "டிரைவர் டூட்டி முடிஞ்சு போச்சு, வேற ஆள் வரணும்" என்று சொன்னால் என்ஜினுக்குப் போய் சண்டை போடாதீங்க. ரூல்ஸ் பேசுகிறார் என்று நினைக்காதீங்க. தூக்கக் கலக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு சிக்னலைத் தாண்டினால் அடுத்த விபத்து நம்ம ரெயிலில்தான்.

டிக்கெட் காசு திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். கேட்கத் தெரியணும்.

* ரெயில் முழுவதும் ரத்தானால் முழுப் பணமும் உண்டு. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் என்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பணம் தானாக வங்கிக் கணக்குக்கு வரும். கேன்சல் பட்டனை அவசரப்பட்டு அமுக்காதீங்க. கவுன்டர் டிக்கெட் என்றால் 3 நாட்களுக்குள் கவுன்டரில் கொடுத்து வாங்கணும்.

* ரெயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போக விரும்பவில்லை என்றால் முழுப் பணம் உண்டு. ஆனால் அந்த ரெயில் நிஜமாகப் புறப்படும் முன்பே டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். ஆன்லைன் டிக்கெட் என்றால் டி.டி.ஆர். எனும் மனுவை அதற்குள் பதிவு செய்ய வேண்டும். ரெயில் போன பிறகு கேட்டால் கிடைக்காது.

* மாற்றுப் பாதையில் போவதால் நீங்கள் ஏறும் ஊருக்கோ இறங்கும் ஊருக்கோ ரெயில் வராது என்றாலும், சுற்றிப் போக விருப்பம் இல்லை என்றாலும் முழுப் பணம் கேட்கலாம். இதற்கும் டி.டி.ஆர். போடணும்.

* பாதி வழியில் ரெயில் நின்றுவிட்டது, மேற்கொண்டு கொண்டுபோய்ச் சேர்க்க ரெயில்வே ஏற்பாடு செய்யவில்லை என்றால் முழுக் கட்டணமும் கேட்கலாம். ஏற்பாடு செய்தும் நீங்கள் போகவில்லை என்றால், போகாத தூரத்துக்கு உண்டான பணம் மட்டும் கிடைக்கும். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க.

* ரிசர்வ் செய்யாத டிக்கெட் எடுத்தவர்கள், ஸ்டேஷனை விட்டு பஸ்சுக்கு ஓடும் முன் கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

கூலி வேலைக்குப் போகிறவரின் ஒரு நாள் சம்பளத்துக்கு மட்டும் எந்த கவுன்டரிலும் பணம் கிடையாது. அது நஷ்டம்தான்.

வீட்டில் இருந்து கிளம்பும் முன்...

விபத்துச் செய்தி காதில் விழுந்தால் 139-க்குப் போன் செய்து உங்க ரெயில் எண்ணைச் சொல்லிக் கேளுங்க. ரெயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியிலும் பார்க்கலாம். வாட்ஸ்-அப்பில் வரும் பழைய பட்டியலை நம்பி அலையாதீங்க. விபத்து நாளில் மணிக்கொரு தரம் பட்டியல் மாறும்.

பகல் ரெயிலில் போக வேண்டியவர், திரும்பி வரும் ரெயிலையும் சேர்த்து விசாரிப்பது நல்லது. காலை ரெயில் ரத்து என்றால் மாலை ரெயிலும் பெரும்பாலும் ரத்துதான்.

கடைசியாக ஒன்று. ரெயில் நடுவழியில் மணிக்கணக்கில் நின்றால் பொறுமை போய்விடும். சிலர் குழந்தை குட்டியோடு இறங்கி தண்டவாளத்தில் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். உங்க பாதை அடைத்திருக்கலாம், பக்கத்துப் பாதையைத் திறந்துவிட்டிருக்கலாம். அதில் முதலில் வருவது நிவாரண ரெயிலோ, ஆள் ஏற்றிவரும் தனி என்ஜினோ, எதுவென்று நமக்குத் தெரியாது. கூட்டச் சத்தத்தில் ஹாரன் காதில் விழாது. பெட்டியிலேயே உட்கார்ந்திருங்க. இறங்கணும் என்றால் ஸ்டேஷன் வந்த பிறகு பிளாட்பாரம் பக்கம் இறங்குங்க. வேலைக்குத் தாமதமா போனா ஒரு நாள் கூலிதான் போகும்.